சேர் எழுத மறுத்த 'வென்ட்'

மட்டக்களப்பில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்க மலருக்காக, மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது எங்கள் காலத்து இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அதை எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் லண்டனிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வருடம் பங்குனியில் சேர் காலமான பிறகு எனக்கு வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை. சேர் என்று மட்டும் சொன்னாலே எந்தச் சேர் என்று எழுபதுகளில் படித்தவர்களுக்குத் தெரியும். தன் பெயரை அச்சில் போடுவதை அவர் விரும்பியதில்லை. தன் பிரியாவிடை மலரில்கூட வேண்டாம் என்றவர். அந்த விருப்பத்தை இங்கேயும் காக்கிறேன்.

அவர் எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்தார். பாடப்புத்தகம் அதன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் தனியாக எடுத்து, 'கோ' என்ற ஒரேயொரு வினைச்சொல்லை வருடம் முழுக்கப் படிப்பித்தார். எழுதினால் இரண்டே எழுத்து. அகராதியில் பார்த்தால் பத்தி பத்தியாக நீளும். மனிதர் போவதற்கும், மணிக்கூடு ஓடுவதற்கும், பால் கெடுவதற்கும், காசு கரைவதற்கும், ஒரு ரோட்டு எந்த ஊருக்குக் கொண்டுபோய் விடும் என்று சொல்வதற்கும், சட்டையின் நிறம் சாரத்தின் நிறத்தோடு பொருந்துவதற்கும் அந்த ஒரு சொல்லே போதும். "ஒரு வினையை வேரோட தெரிஞ்சுகொண்டியெண்டா மிச்சமெல்லாம் தன்பாட்டில வரும், மனே" என்பார்.

அந்தப் பாடம் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்து ஹொஸ்டலில் தங்கிப் படித்த ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். வெள்ளாமைக் குடும்பம். லீவு முடிந்தால் தோணியில் வாவி கடந்து வருவான். கணக்கில் எங்களில் ஒருவரும் அவனுக்குக் கிட்ட நிற்க முடியாது. ஒரு திங்கட்கிழமை, சனி ஞாயிறில் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராக எழும்பி ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் 'கோ'வோடு 'எட்' சேர்த்து 'ஐ கோட் ஹோம்' என்றான். வகுப்பே வெடித்துச் சிரித்தது. டவுன் பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவன் இருக்கவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல், கையை வாங்கில் ஊன்றியபடி குனிந்திருந்தான்.

சேர் சத்தம் போடவில்லை. சிரிப்பு தானாக அடங்கும்வரை கரும்பலகைக்கு முன்னால் நின்றார். அப்புறம் கேட்டார்: "'வோக்' எண்டா 'வோக்ட்'. 'ப்ளே' எண்டா 'ப்ளேட்'. அப்ப 'கோ'வுக்கு மட்டும் ஏன் 'வென்ட்'? சிரிச்ச ஆள் எழும்பிச் சொல்லட்டும்."

ஒருவரும் எழும்பவில்லை. 'கோ'விலிருந்து 'வென்ட்' எப்படி வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மனப்பாடம் செய்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். "வராது," என்றார் சேர். "எந்தக் காலத்திலயும் அதில இருந்து இது வராது. இது வேற ஒரு வினைக்குச் சொந்தமான சொல்லு. ஸ்கொட்லாந்தில வெள்ளாமை செய்யிற ஒருத்தன் அவங்கட பழைய பேச்சில 'கேய்ட்' எண்டு சொல்லுவான். 'கேய்' எண்டா அவங்களுக்கு 'கோ'. அதில 'எட்' சேர்த்துக்கொண்டாங்க. அங்க ஒருத்தரும் சிரிக்கிறதில்ல. இந்தப் பிள்ளை செய்ததும் அதேதான். இவன் இங்கிலிஷ்ட விதியைச் சரியாப் பிடிச்சிருக்கான். விதியை விட்டது இங்கிலிஷ்தான்."

இன்றைக்கு எத்தனையோ பேர் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றி எழுதுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு மேலான கற்பித்தலை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தன் அகராதியைக் கொண்டுவந்தார். கன்சைஸ் ஒக்ஸ்போர்ட், முதுகு கிழிந்து சைக்கிள் டியூப் துண்டால் ஒட்டியது. அதில் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் சதுர அடைப்புக்குள் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். நாங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம். சேர் அதைத்தான் முதலில் வாசிப்பார். அதுதான் சொல்லின் பிறப்புச் சான்றிதழ் என்பார்.

அந்த அடைப்புக்குள்ளிருந்து அவர் எடுத்துத் தந்தது இது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் போதலுக்கு 'கான்' என்று பெயர். ஜேர்மன்காரரின் 'கேஹென்', நம் கோட்டையைப் பிடித்து ஆண்ட ஒல்லாந்தரின் 'ஹான்' எல்லாம் அதன் சொந்தங்கள். அந்தக் 'கா'னுக்கு அப்போதே சொந்தமாக ஓர் இறந்தகாலம் கிடையாது. 'ஏயொடெ' என்ற வேறு வேரில் பிறந்த சொல்லைத்தான் அதற்கு வைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் 'வெண்ட்' என்று இன்னொரு வினை இருந்தது. திரும்புதல், திருப்புதல் என்பது அதன் பொருள். 'செண்ட்' 'சென்ட்' ஆவது போல, 'ஸ்பெண்ட்' 'ஸ்பென்ட்' ஆவது போல, 'வெண்ட்'டின் இறந்தகாலம் 'வென்ட்'. திரும்பி நடத்தல் என்ற பொருளிலிருந்து மெதுவாக, நடந்து போதல் என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் 'ஏயொடெ'யின் வழிவந்த சொல்லும் 'வென்ட்'டும் இரண்டுமே வழக்கில் இருந்தன. இன்னும் நூறு நூற்றைம்பது வருடத்தில் தெற்கு இங்கிலாந்தில் பழையது மறைந்து 'வென்ட்' முழுதாக 'கோ'வின் இடத்துக்கு வந்துவிட்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' பிறகு 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. பிரெஞ்சுக்காரரின் போதலும் இப்படி மூன்று வேர்களிலிருந்து சேர்த்துக் கட்டிய ஒன்றுதான். மனிதர் அடிக்கடி சொல்லும் சொல்லில்தான் இந்தக் கலப்பு நிலைத்து நிற்கும், எப்போதாவது சொல்லும் சொல்லை நாக்கு விதிக்குள் கொண்டுவந்துவிடும் என்று சேர் விளக்கினார்.

"அப்ப 'ஐ வென்ட்' எண்டா அடியில என்ன பொருள்?" என்று கேட்டுவிட்டு, படுவான்கரைப் பிள்ளையைத்தான் பார்த்தார். அவன் யோசித்துவிட்டு, "நான் கிறுகினன், சேர்" என்றான். டவுனில் நாங்கள் 'திரும்பு' என்போம். கிறுகு என்பது ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கி வைத்த சொல். சேர் அதைக் கரும்பலகையில் 'வென்ட்'டுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதினார். அன்று பின்னேரம் வரை அது அழியாமல் கிடந்தது.

எங்கள் ஊரில் இங்கிலிஷ் எப்போதும் ஆளை அளக்கும் கோலாக இருந்திருக்கிறது. 1814 இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஓராண்டு நிறையுமுன் இங்கேயே இறந்தும் போனார். அவர் தொடங்கிவைத்த படிப்பு நிலைத்து நின்றது. அதன்பின் இங்கிலிஷ் தெரிந்த வீடு, தெரியாத வீடு என்று ஊர் இரண்டானது. உத்தியோகமும் மரியாதையும் எந்தப் பக்கம் போயின என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைப் பிரித்த அந்தக் கோடு அழிய வேண்டும் என்றுதான் சேர் நினைத்தார் என்று நான் நம்புகிறேன். காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒரே தலையில் தாங்கிய விபுலானந்த அடிகளைத்தான் அடிக்கடி எடுத்துச் சொல்வார். இரண்டு மொழியையும் அடியிலிருந்து பார்த்தவருக்கு எந்த மொழியிடமும் பயம் இருக்காது என்பார்.

அதனால் அவருடைய இங்கிலிஷ் வகுப்பில் பாதி தமிழ் வகுப்பாக இருக்கும். 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்று எழுதிவிட்டு, மழை எங்கே நடந்து போகிறது என்று கேட்பார். தமிழிலும் 'மழை பெய்யப் போகுது' என்கிறோமே, அங்கே எது போகிறது? ஒன்றைச் செய்யப் புறப்பட்டுப் போகிறவன் அதை இனிமேல்தான் செய்வான். அந்தப் போதல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலைவிட்டுக் காலத்துக்குள் வந்துவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வளர்ந்த இரண்டு மொழிகள் ஒரே வழியில் வந்திருக்கின்றன. 'அகோ' என்ற சொல்லையும் இப்படித்தான் பிரித்துக் காட்டினார். 'டென் இயர்ஸ் அகோ' என்பதில் கடைசியில் நிற்பது 'போய்க் கழிந்த' என்று பொருள்பட்ட பழைய எச்சம். 'வருசம் பத்துப் போச்சு' என்று எங்கள் பெத்தாச்சிமார் சொல்வதும் அதுவேதான்.

கெட்டுப் போச்சு, பழுதாய்ப் போச்சு, பயந்து போனான், மெலிந்து போனாள். ஆனால் கைகூடி வந்தது, சரிவந்தது, பிள்ளை நல்லா வருவான். கெடுதியான மாற்றத்துக்குப் போதலும் நல்ல மாற்றத்துக்கு வருதலும் என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இங்கிலிஷிலும் பைத்தியம் பிடித்தால் 'கோ மேட்', கண் தெரியாமல் போனால் 'கோ ப்ளைண்ட்', கனவு பலித்தால் மட்டும் 'கம் ட்ரூ'. இதை 1974 இல் ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். வழமையான நிலைக்கு, பேசுகிறவர் விரும்புகிற நிலைக்குத் திரும்புவது வருதல், அதைவிட்டு விலகுவது போதல் என்பது அவர் கண்டது. இங்கே வந்து அதை ஒரு நூலகத்தில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏறக்குறைய அதே வருடங்களில், அந்தக் கட்டுரையைப் பார்க்க எந்த வழியும் இல்லாத ஒரு மனிதர், எங்கள் வகுப்பில் அதே முடிவுக்குத் தன் காதை வைத்தே வந்து சேர்ந்திருந்தார்.

பிறகு 1978 நவம்பர் 23. சூறாவளியைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இன்றும் 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்றுதான் பழைய ஆட்கள் காலம் சொல்வார்கள். பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கியபோது எங்கள் வகுப்புக்கு மேலே ஓடும் இல்லை, தீராந்தியும் இல்லை. ஒரு மூலையில் தறப்பாள் கட்டியிருந்தார்கள். சேர் உள்ளே வந்து, மேலே பார்த்து, கரும்பலகையில் மூன்று வசனம் எழுதினார். 'த ரூஃப் வென்ட்.' 'த ரூஃப் ஹேஸ் கோன்.' 'த ரூஃப் இஸ் கோன்.'

முதலாவது அந்த இரவைப் பற்றியது. எப்போது என்று கேட்டால் நேரம் சொல்லலாம். இரண்டாவது அந்த இரவையும் இந்தக் காலையையும் சேர்த்துச் சொல்வது. போனது, போனதன் பலனை இப்போது அனுபவிக்கிறோம். மூன்றாவதில் இரவே இல்லை, இங்கே கூரை இல்லை என்ற நிலை மட்டும்தான். முன்பு போதல், வருதல் போன்ற வினைகளுக்கெல்லாம் இங்கிலிஷில் 'ஹேவ்' வராது, 'பீ'தான் வரும். ஜேர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். அந்த வழக்கம் அழிந்தபோது 'இஸ் கோன்' மட்டும் தப்பி நின்றது. காரணம், இல்லாமற் போன ஒன்றைப் பற்றிச் சொல்ல மனிதருக்கு அது தேவைப்பட்டது என்றார். வானத்துக்குக் கீழே இருந்து அதை எழுதிக்கொண்டோம். வீட்டில் கூரை போனவர்கள், ஆட்களை இழந்தவர்கள் எல்லாம் அந்த வகுப்பில் இருந்தார்கள். சேர் யாரையும் வசனம் சொல்லக் கேட்கவில்லை.

இன்னொரு நாள் தமிழ்ப் பண்டிதரையும் வகுப்புக்குக் கூட்டிவந்தார். அன்றைய பாடம் 'ஹேஸ் பீன்', 'ஹேஸ் கோன்'. கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பியவர் 'ஹேஸ் பீன் டு கொழும்பு'. போனவர் இன்னும் அங்கேயே இருந்தால் 'ஹேஸ் கோன் டு கொழும்பு'. ஆகவே இந்த இரண்டாவதை ஒருவர் தன்னைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. இங்கே நின்று பேசுகிறவர் இங்கேதானே இருக்கிறார். அப்போது பண்டிதர் எழுந்து தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்தார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று கிளவியாக்கத்தில் விதி இருக்கிறது. என்னிடமோ உன்னிடமோ எதுவானாலும் அது வருதல். செல்லுதல் என்றால் அது மூன்றாம் ஆளிடம்தான். உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொல்கிறோம், போகிறேன் என்றில்லை. வீட்டைவிட்டு இறங்கும்போதும் 'போயிட்டு வாறன்'. போதலை மட்டும் தனியாகச் சொல்லி யாரும் படலையைத் தாண்டுவதில்லை. இரண்டு ஆசிரியர்களும் கரும்பலகையின் இரு பக்கமும் நின்று ஒருவர் வசனத்தை மற்றவர் எடுத்துக்கொடுத்த அந்த நாற்பது நிமிடத்தை, அன்று வகுப்பில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் வெளிக்கிட்டேன். ஏன் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம்மில் பலர் அதே இரண்டு மூன்று வருடங்களில் வந்தவர்கள். லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் கடிதம் சேருடையது. ஸ்டாஃப் ரூமில் யாராவது என்னைக் கேட்டால் 'ஹேஸ் கோன் டு லண்டன்' என்று சொல்வதாகவும், அதை 'ஹேஸ் பீன்' என்று மாற்றும் நாளுக்காகத் தன் நாட்குறிப்பில் பென்சிலால் எழுதி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். படித்து முடித்துவிட்டுத் திரும்புவேன் என்றுதான் நானும் எழுதினேன். படிப்பு முடிந்தது, வேலை வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், ஊரில் நிலைமை இன்னும் மோசமானது. அவருடைய பென்சில் வரி அப்படியே இருந்தது. அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அவர் போகவில்லை. அவருக்கும் வழி இருந்தது, கனடாவில் தங்கை இருந்தார். எங்கள் சேர் என்ன செய்தார் என்று தெரியாதவர்களுக்காகத்தான் இனி வரும் பகுதியை எழுதுகிறேன்.

1990 ஐப் பற்றி ஊரில் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. அது ஒரு நாள், ஓர் இடம். அதுபோல ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்தது. எங்கள் வகுப்பின் படுவான்கரைப் பிள்ளையும், அப்போது அவன் ஒரு கணித ஆசிரியர், அந்த வருடம்தான் வேறோர் இடத்தில் கொண்டுபோகப்பட்டான்.

தாய்மார் மனு எழுதுவிக்க சேரிடம் வரத் தொடங்கினார்கள். செஞ்சிலுவைக் குழுவுக்கு, அரசாங்க அதிபருக்கு, பிறகு 1994 இன் கடைசியில் வடக்கு கிழக்குக்கென நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு. இங்கிலிஷில் எழுதினால்தான் மேலே போகும் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். விறாந்தையில் பாய் போட்டு உட்கார வைப்பார். தண்ணி கொடுப்பார். முழுக்கத் தமிழில் கேட்டு முடிக்கும்வரை பேனையைத் தொடமாட்டார்.

வேறு இடங்களில் எழுதுவித்த மனுக்களை அவர்கள் கொண்டுவருவார்கள். அவற்றில் 'மை சன் வென்ட் மிஸ்ஸிங்' என்று இருக்கும். தாய்மாரும் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்: என்ட மகன் காணாமப் போயிட்டான். சேர் கேட்பார்: "அம்மா, அவன் தானாப் போனானா?" இல்ல தம்பி, பிடிச்சுக் கொண்டுபோனாங்க. "நீங்க பார்த்தீங்களா?" நான் வாசல்லதான் நிண்டன். "அப்ப அதத்தான் எழுதவேணும்."

'வென்ட்' என்ற வினைக்கு எழுவாய் அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளை எந்தப் பக்கமும் கிறுகவில்லை. செய்தவர் வேறு ஆள் இருக்க, செய்கையைப் பிள்ளையின் தலையில் போடுகிற வசனம் அது. அதைத் தன் கையால் எழுதமாட்டேன் என்றார். 'வோஸ் டேக்கன்' என்று எழுதினார். எத்தனை மணி, எந்தச் சந்தி, என்ன நிறச் சாரம், வந்த வாகனம் எது, யார் யார் பார்த்தார்கள். தாய் யாரைப் பார்த்தேன் என்று சொன்னாளோ அதையும், அவள் சம்மதித்தால், எழுதினார். செய்தவர் பெயர் சேராத 'வென்ட் மிஸ்ஸிங்' போன்ற வசனங்களே பாதுகாப்பு என்று புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள். இலக்கணம் தெரிந்த ஒருவர் எழுவாயை மறைத்து எழுதினால் வேறு யார் சொல்வார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். எட்டாம் வகுப்பில் நாங்கள் சோக்கட்டித் தூளுக்கு நடுவில் கேட்ட பாடத்தை, அவர் உயிர் போகக்கூடிய இடத்தில் நின்று நடத்தினார்.

2002 சமாதான காலத்தில் நான் ஊருக்குப் போனபோது அந்த மனுக்களின் கார்பன் பிரதிகளைக் காட்டினார். பிஸ்கட் பெட்டிகளில் கிராமம் கிராமமாகப் பிரித்துக் கட்டியிருந்தார். படுவான்கரைப் பிள்ளையின் தாய்க்கு எழுதியதும் இருந்தது. ஒன்றரைப் பக்கம். அதன் கடைசி இரண்டு வசனங்களை எனக்கு வாசித்துக் காட்டினார். அவன் எங்கேயும் போகவில்லை. அவனைக் கொண்டுபோனார்கள். இங்கிலிஷில் அவை இன்னும் சின்ன வசனங்கள். 'ஹி டிட் நொட் கோ.' அவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கக் காரணமான அதே வினை, இந்த முறை முழு இலக்கணத்தோடு அவன் பக்கம் நின்றது.

இப்போது ஊரில் தாய்மார் பிடிக்கும் பதாகைகளில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று இருக்கிறது. அரசாங்கம் 2016 இல் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இன்னும் 'காணாமற்போன' என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சிலர் சொற்சண்டை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தாய் முப்பது வருடமாகத் தெருவில் நின்று ஒரு வினையை மாற்றச் சொல்கிறாள் என்றால் அந்த வினைக்குள் அவள் பிள்ளை இருக்கிறான்.

2004 மார்கழி 26 இல் கல்லடிக் கடல் சேரின் வீட்டுக்குள் வந்தது. அவரும் மனைவியும் தப்பினார்கள். பெட்டிகளும் அந்தக் கன்சைஸ் ஒக்ஸ்போர்ட்டும் தப்பவில்லை. அதன்பிறகும் மனு எழுதினார், கண் தெரிந்தவரை. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்ததும் தோணிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் பஸ்ஸிலேயே படுவான்கரைக்குப் போய்வந்ததாகத் தொலைபேசியில் சந்தோசமாகச் சொன்னார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் 'கோ' வகுப்பு எடுத்தார். சம்பளம் வாங்கவில்லை.

நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். வருடா வருடம் இரவு விருந்து வைக்கிறோம், கல்லூரிக் கீதம் பாடுகிறோம், கட்டடத்துக்குக் காசு அனுப்புகிறோம். அது தேவை, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் விறாந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்யக்கூடிய இங்கிலிஷை எங்களுக்குத்தான் அவர் கொடுத்தார். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். இந்த எண்ணம் என்னை விட்டுப் போவதாக இல்லை.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவர் பெயரில் மண்டபம் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். அந்தக் 'கோ' பாடங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு, முதலில் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்போம். வேர்ப் பாடம், கூரையின் மூன்று வசனங்கள், பண்டிதரோடு நடந்த வகுப்பு ஆகியவற்றின் குறிப்புகள் என் கொப்பியில் இருக்கின்றன. என்னிடம் இல்லாதது 'கோ'வோடு சின்னச் சொற்கள் சேரும் பாடம். எலாம் மணிக்கூடு 'வென்ட் ஓஃப்' என்றால் அடிக்கத் தொடங்கியது, லைட் 'வென்ட் ஓஃப்' என்றால் அணைந்தது, ஒரே 'ஓஃப்' எப்படி இரண்டு எதிர்ப் பொருளைத் தருகிறது என்று அவர் விளக்கியது அதில்தான். இரண்டு பாடவேளை நீண்ட பாடம் அது. என் கொப்பியில் அந்தத் தாள்கள் ஈரத்தில் ஒட்டிப் பழுதாகிவிட்டன. எங்களுக்கு அடுத்த இரண்டு வகுப்பினருக்கும் அவர் அதையே எடுத்தார் என்று அறிகிறேன். ரொறன்ரோவிலோ, மெல்பேர்னிலோ, ஊரிலேயோ யாரிடமாவது அந்தக் கொப்பி இருந்தால், பக்கங்களைப் படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். எழுத்து மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அவருடைய உதாரண வசனங்கள் பல எனக்கு மனப்பாடம், சேர்த்து வாசித்துக்கொள்வேன்.